செவ்வாய்க்கிழமைக் கட்டம்

கோயிலில் ஃபாதராகவும் வீட்டில் மச்சானாகவும் இருக்கிற தங்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இயேசுவுக்கே புகழ். இங்கே நானும் பிள்ளைகள் மூவரும் நலம். வழக்கமாக அந்த வரியில் தங்கள் தங்கையையும் சேர்த்து எழுதுவேன். இந்த முறை சேர்ப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நாலு நாளாக இந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நேரில் வந்து பாவசங்கீர்த்தனமாகவே செய்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் கேட்டு முடித்தபின் நீங்கள் குருவாக உட்கார்ந்திருப்பீர்களா, இல்லை அண்ணனாக எழுந்து வருவீர்களா என்பதில் எனக்கு உறுதியில்லை. கடிதமென்றால் நடுவில் இரண்டு பஸ் தூரம் இருக்கிறது.

கடைக்குட்டி பிறந்தபோது டாக்டரம்மா சொன்னது உங்களுக்குத் தெரியும். மூன்றும் வயிற்றைக் கிழித்து எடுத்த பிள்ளைகள். தையல் போட்ட இடம் மெலிந்துவிட்டது, "நாலாவதுன்னு ஒண்ணு வந்தா அம்மா உயிருக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன். இப்பவே ஆபரேஷன் பண்ணிடலாமா?" என்று கேட்டார். நான்தான் முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டு, "எங்க மச்சான் ஃபாதர், அவரைக் கேட்டுட்டுச் சொல்றோம்" என்றேன். கட்டிலில் படுத்திருந்தவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. நீங்களும் நிதானமாகத்தான் பேசினீர்கள். கருத்தடையையும் ஆபரேஷனையும் திருச்சபை ஏற்பதில்லை, ஆனால் தக்க காரணம் இருந்தால் கருத்தரிக்கும் நாட்களில் விலகியிருப்பதை ஏற்கிறது, அது கணவன் மனைவி இருவரும் பேசி இருவருமாகச் சுமக்கிற காரியம் என்றீர்கள். விலகியிருப்பது என்பதை நான் மனதில் குறித்துக்கொண்டேன். பேசி என்பதைக் குறித்துக்கொள்ளவில்லை.

நீங்கள் எங்களை அனுப்பிவைத்த இயற்கைக் குடும்பக்கட்டுப்பாட்டு வகுப்பின் டீச்சர் ஒரு வெப்பமானியும் கட்டம் போட்ட தாளும் கொடுத்தார். காலையில் படுக்கையை விட்டு எழுவதற்கு முன் நாக்கடியில் சூடு பார்க்க வேண்டும். கருமுட்டை வெளிவந்தபின் சூடு இம்மியளவு ஏறும். ஏறியது மூன்று நாள் அப்படியே நின்றால் அடுத்த மாதவிலக்கு வரை பயமில்லை, அதுவரை பார்க்கவும் வேண்டாம். உடம்பில் கவனிக்க வேண்டிய மற்ற அடையாளங்களையும் உங்கள் தங்கையிடம் தனியாகச் சொல்லிக்கொடுத்தார். "இது அம்மா பாத்து அம்மா எழுதணும். சார் கூட இருந்தா போதும்" என்று என்னைப் பார்த்து வேறு சொன்னார். மச்சான், மருந்துக் கிடங்கில் குளிர் அறையின் சூட்டை இரண்டு மணிக்கொரு தரம் பார்த்துப் பதினாறு வருடமாக எழுதுகிறவன் நான். என் கண்முன்னால் வெப்பமானியையும் கட்டத்தாளையும் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நில் என்றால் நடக்கிற காரியமா? அன்றைக்கே தாளை அட்டையில் பொருத்தி அலமாரிக் கதவின் உள்பக்கம் மாட்டிவிட்டேன். தினமும் ஐந்து மணிக்கு அலாரம். "வாயைத் திற." அவள் திறப்பாள். நான் எழுதுவேன். ஒருநாள், "நேத்தைவிடக் கொஞ்சம் கம்மியா இருக்கே, ஜன்னலைத் திறந்து வெச்சியா?" என்று கேட்டுவிட்டேன். "நான் என்ன உங்க குளிர் ரூமா?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். இதையெல்லாம் பார்த்த நடுவுள்ளவன், அம்மாவுக்கு ஐந்து மாதமாகக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவைக்க, வகுப்பே அவளுக்காக ஜெபம் செய்திருக்கிறது. அவன் டீச்சர் ஒரு பை நிறைய ஆரஞ்சோடு வீட்டுக்கு வந்துவிட்டார். என்ன காய்ச்சல் என்று கேட்டவரிடம் நான் என்னத்தைச் சொல்ல, ஆரஞ்சை உரித்துக் கொடுத்தேன்.

இப்போது பாவத்துக்கு வருகிறேன். போன மாதம் ஞாயிறு சூடு ஏறியது, திங்களும் நின்றது. செவ்வாயும் நின்றால் கணக்கு முடிந்தது. செவ்வாய் விடியுமுன்னே குளிர் அறையில் கம்ப்ரசர் நின்றுபோய் எனக்குப் போன் வந்தது. அவள் தூங்கிக்கொண்டிருந்தாள், குட்டி அவள் கைமேல் தலைவைத்துக் கிடந்தது. எழுப்ப மனம் வராமல் ஓடிவிட்டேன். சாயங்காலம் வந்து அலமாரியைத் திறந்தால் செவ்வாய்க்கிழமைக் கட்டம் காலி. எங்கள் கிடங்கில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு, மச்சான். ஆய்வுக்கு வருகிறவர்கள் எண்ணைப் பார்க்க மாட்டார்கள், காலிக் கட்டத்தைத்தான் பார்ப்பார்கள். அதனால் யாராவது ஒரு வேளை பார்க்க மறந்தால், மேலே உள்ள எண்ணுக்கு ஒட்டினாற்போல் ஒன்றை எழுதிவிடுவோம். என் கை தானாகப் போய்த் திங்கட்கிழமை எண்ணையே செவ்வாயிலும் போட்டுவிட்டது. கையைக் குற்றம் சொல்லி நழுவப் பார்க்கிறேன் என்று நினைக்காதீர்கள், அடுத்ததைச் செய்தது வாய். பிள்ளைகள் தூங்கியபின் அவளிடம் தாளைக் காட்டினேன். "செவ்வாயும் பாத்தீங்களா?" என்றாள். "பாத்தேன், நீ நல்லா தூங்கிட்டிருந்த" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு விளக்கை அணைத்தாள்.

மறுநாள் குளிர் அறைக்குள் நிற்கும்போதுதான் நான் எழுதியது மருந்தின் சூடு அல்ல, அவள் உயிர் என்று புரிந்தது. மாதவிலக்கு வந்தால் அவளே சொல்வாள், நான் சிவப்புப் பேனாவில் குறிப்பேன். இந்த முறை சொல்லவில்லை. என் கணக்குப்படி பன்னிரண்டு நாள் தாண்டிவிட்டது. கேட்கலாம். கேட்டால், "நீங்கதான் மூணு நாள் பாத்தீங்களே, அப்புறம் என்ன பயம்?" என்பாள். காலையில் அவள் சாப்பாட்டை ஒதுக்கினாலும் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவுகிறேன், நன்றாகச் சாப்பிட்டாலும் கழுவுகிறேன். தெரியாத கடையாகப் பார்த்து நாலு தெரு தள்ளிப்போய்க் கர்ப்பப் பரிசோதனை அட்டை வாங்கினேன். கடைக்காரர் நம் கோயில் பாடகர் குழுவில் என் பின்வரிசையில் நிற்கிறவர். "வாழ்த்துகள்" என்று கையைக் குலுக்கினார். அந்த வார்த்தை மனிதனை இப்படி அறையும் என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் டாக்டரம்மா சொன்னதுதான் காதில் கேட்டது. அட்டையை அவளிடம் நீட்டத் துணிவில்லாமல் இன்னும் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறேன். அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால் மூன்று பிள்ளைகளிடம் நான் என்ன எண்ணை எழுதிக் காட்டுவேன்?

திருச்சபையின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அது எங்களைக் கொஞ்ச நாள் விலகியிருக்கத்தான் சொன்னது, நான் ஐந்து மாதமாக அவளை விட்டே விலகிப்போய் ஒரு தாளோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன். ஆனாலும் மனதில் இருப்பதைக் கேட்டுவிடுகிறேன். உயிருக்கே ஆபத்து என்னும்போதும் இந்தத் தாளை மட்டும்தான் நம்ப வேண்டுமா? சட்டம் கடினமா, அல்லது அதைக் கையில் வாங்கிய நான்தான் பொய்யனா? என்ன ஆனாலும் உண்மையை அவளிடம் சொல்லத்தான் வேண்டும், அது எனக்குத் தெரியும். எந்த வார்த்தையில் தொடங்குவது என்பதை மட்டும் எழுதி அனுப்புங்கள். அண்ணனாகத் திட்டி எழுதினாலும் சரி, அதையும் படிப்பேன்.

பெரியவளும் நடுவுள்ளவனும் மாமாவுக்கு வணக்கம் சொல்லச் சொன்னார்கள். குட்டி இந்தத் தாளின் ஓரத்தைக் கடித்து வைத்திருக்கிறது, அதை அதன் முத்தமாக எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பலியில் எங்கள் ஐந்து பேரையும் நினைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை ஐந்தாகவே இருக்கும்படியும் நினைத்துக்கொள்ளுங்கள்.

தங்கள் ஆசியை வேண்டும்,
தங்கையின் கணவன்

பின்குறிப்பு: அண்ணா, இது நான். உறையை ஒட்டாமல் மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார், படித்துவிட்டேன். மாதவிலக்கு வழக்கமான நாளிலேயே வந்து போய்விட்டது. இவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை இவர் போனபோது நான் முழித்துக்கொண்டுதான் இருந்தேன். சாயங்காலம் வாய் கூசாமல் பொய் சொன்னதும் தெரியும். டீச்சர் சொல்லிக்கொடுத்த மற்ற அடையாளங்களை முதல் நாளிலிருந்து நான் பார்த்துக்கொண்டுதான் வருகிறேன். அந்த வாரம் பயமில்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஐந்து மாதமாக வெப்பமானியைக் கேட்டார், தாளைக் கேட்டார், இப்போது உன்னைக் கேட்கிறார். என்னைக் கேட்டிருந்தால் ஒரே வரியில் சொல்லியிருப்பேன். பாவம் என்று இன்றைக்கே சொல்லிவிடலாம்தான், இரண்டு வாரமாகப் பாத்திரமெல்லாம் இவரே கழுவுகிறார். வரும் வியாழக்கிழமை டாக்டரம்மாவைப் பார்க்கிறேன். இவரும் கூட வருகிறார், அது இவருக்கு இன்னும் தெரியாது. என்ன செய்வதென்று அங்கே நான்தான் முதலில் பேசப்போகிறேன். நீ அறிவுரை எதுவும் எழுத வேண்டாம். வியாழக்கிழமை காலையில் எட்டு மணிக்கு முன்னால் வந்துவிடு, மூன்று பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.