என் வளைகாப்பும் இரவல் ரத்தமும்

பள்ளிப் பரீட்சையில்கூட நான் பிட் அடித்ததில்லை. முப்பது வயதில், வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையோடு, அதுவும் டாக்டரிடம்தான் முதன்முதலாக அடித்தேன். மாட்டிக்கொண்டேன் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எனக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை வந்திருந்தது. நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாது, இதில் உன் தப்பு ஒன்றுமில்லை, அளவாகச் சாப்பிட்டு நடந்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும், அடங்காவிட்டால் ஊசி என்று டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். என் காதில் ஊசி மட்டும்தான் விழுந்தது. (காது குத்தியதற்கே அம்மாவை இன்னும் மன்னிக்காதவள் நான்.)

வீட்டில் விரலைக் குத்திப் பார்க்க ஒரு கருவி கொடுத்தார்கள். அதில் வரும் எண் போன் வழியாகத் தானாகவே கிளினிக்குக்குப் போய்விடும். மூன்று வாரம் ஒழுங்காகத்தான் இருந்தேன்.

பிறகு வந்தது வளைகாப்பு. பெங்களூரில் எங்கள் ஈஜிபுரா வீட்டு மொட்டை மாடியில் பந்தல், ஐந்து வகைச் சாதம். வளையல் போட வந்த ஒவ்வொருத்தியும் என் வாயில் ஒரு கவளம் ஊட்டினாள். வேண்டாம் என்றால் பிள்ளைக்கு ஆகாதாம். பதினேழு கவளம்வரை எண்ணினேன். (எண்ணியதைத் தவிர வேறு எதிர்ப்பு தெரிவிக்கவில்லை.)

இரண்டு மணி நேரம் கழித்துப் பரிசோதனை. என் விரலைக் குத்தினால் ஊசி நிச்சயம். பக்கத்தில் என் கணவர் முரளி மூன்றாவது மைசூர் பாகைக் கடித்துக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர். அவர் விரலைக் கேட்டேன்.

"என் சுகரெல்லாம் தங்கமா இருக்கும், பாரு" என்று நீட்டினார்.

இருநூற்று எண்பது என்று காட்டியது. கருவியில்தான் கோளாறு என்று மறுபடி குத்தினோம். இன்னும் நாலு கூடியது. அதை அழிக்க வழி தேடுவதற்குள் கிளினிக்கிலிருந்து போன். உடனே கிளம்பி வர வேண்டுமாம், இன்சுலின் ஆரம்பிக்க வேண்டியிருக்குமாம்.

பட்டுப்புடவை, கை நிறைய வளையல், கன்னத்தில் சந்தனம். அந்தக் கோலத்திலேயே ஆட்டோவில் போனேன். முரளி வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார். குழந்தை நன்றாக அசைகிறதா என்று டாக்டரம்மா கவலையோடு கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த எண்ணை நம்பி எனக்கு ஊசி போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் திட்டவில்லை. என் விரலைத் தானே குத்தினார். நூற்று ஐம்பத்திரண்டு. கூடுதல்தான், ஆனால் ஒரு நாள் விருந்தை வைத்து ஊசி போட மாட்டேன், நாளை முதல் ஒழுங்காக நட என்றார். பிறகு முரளி பக்கம் திரும்பினார்.

"சார், நீங்க எழுந்திரிக்காதீங்க, கூத்கொள்ளி, உக்காருங்க. பக்கத்து ரூம்ல சுகர் டாக்டர் இருக்காரு. அவரப் பாத்துட்டுதான் நீங்க வீட்டுக்குப் போகணும்."

முரளியின் சிரிப்பு அதோடு நின்றது.

எனக்குக் கடைசிவரை ஊசி தேவைப்படவில்லை. மகள் மூன்று கிலோவில் நலமாகப் பிறந்தாள். ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது என் சர்க்கரை போயிருந்தது. வருடா வருடம் பரிசோதித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். முரளிக்குத்தான் மாத்திரை, நடை, அளவுச் சாப்பாடு எல்லாம். வீட்டுக்கு யார் வந்தாலும், காபி ஆறுவதற்குள் என் மாமியார் சொல்லிவிடுவார்:

"புள்ள பெத்தவ அவ. அஞ்சு வருஷமா பத்தியம் இருக்கறது எம்புள்ள."