பிறேக்கில் காற்று

என் ஜீப் ஓடக்கூடாது என்று நான் தீர்மானித்தேன். ஓடுகிற ஜீப்பை ஓடாமல் வைத்திருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அப்போது எனக்குத் தெரியாது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி ஞானாம்பிகை, வீட்டில் ஞானம். எனக்குக் கலியாணத்தோடு ஞானம் வந்தது, புத்திதான் வரவில்லை. அவளுடைய தங்கை குணலட்சுமி வடமராட்சி கிழக்கில், மணல் பாதைக்கு அப்பால் இருந்தாள். புருஷன் வெளிநாட்டில். முதற்பிள்ளை, ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனம் அகப்படாமல் வழியிலேயே போய்விட்டது. இப்போது இரண்டாவது. அந்த மணலில் கார் புதையும், ஜீப் போகும். மாதம் நெருங்க முன்னமே இணுவிலில் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட வேண்டும் என்றாள் ஞானம்.

நியாயம்தான். ஆனால் எனக்குப் பயம். தெருவெல்லாம் குழி. மேலே சுடுகிற ஹெலி. பெற்றோலுக்குத் தடை வந்த நாள் முதல் மண்ணெண்ணெய் குடித்து இருமி இருமி ஓடும் ஜீப். இந்தப் பிள்ளைக்கும் ஏதாவது ஆகிவிட்டால் அது என் கையால் ஆனதாகிவிடும். என்னைப் போலச் சங்கக்கடை மனேச்சர் ஒருவர் இதையெல்லாம் பெண்சாதியிடம் சொல்வாரா? பழியை ஜீப்பின் தலையில் போட்டேன்.

"பிறேக் சரியில்லை," என்றேன்.

"என்ன சரியில்லை?"

"குழாய்க்குள்ளை காத்து. மிதிச்சால் பஞ்சு மாதிரி உள்ளை போகுது. காத்தெடுக்க வேணும்."

"எடுங்கோவன்."

"லேசான வேலையில்லை. ஒராள் மேலை இருந்து மிதிக்க வேணும். ஒராள் கீழை கிடந்து திருகைத் திறக்க வேணும்."

"நான் மிதிக்கிறன்."

அப்படித் தொடங்கியது. நான் ஜீப்புக்குக் கீழே மல்லாந்து கிடந்தேன். அவள் றைவர் சீற்றில் இருந்தாள்.

"மிதியும்."

"மிதிச்சிட்டன்."

"விடாதையும்... இப்ப விடும்."

"விட்டிட்டன்."

கலியாணம் கட்டிய நாள் முதல் நான் சொன்னதை அவள் மறுபேச்சில்லாமல் செய்தது அந்த ஜீப்புக்குள்தான். உண்மையைச் சொன்னால், எனக்கு அது பிடித்துப்போய்விட்டது.

பிறேக் எண்ணெய்க்கும் தடை. நாட்டு மருந்து கொடுக்கிற பரியாரியிடம் ஆமணக்கெண்ணெய் வாங்கி, கொஞ்சம் ஸ்பிரிட் கலந்து ஊற்றினேன்.

"உதை ஊத்தினால் ஜீப்புக்கு வயித்தாலை போகாதோ?" என்று கேட்டாள் ஞானம்.

போனது. போகவைத்தவன் நான். காலையில் கடைக்குப் போகுமுன் பின்சில்லுத் திருகைக் கொஞ்சம் இளக்கிவிடுவேன். மாலையில் வந்து பார்த்தால் எண்ணெய் ஒழுகிக் காற்று ஏறியிருக்கும். மறுபடியும் மிதியும், மறுபடியும் விடும்.

அவள் சலிக்கவில்லை. கேள்விதான் கேட்டாள்.

"நடுவிலை இருக்கிறது பிறேக். அப்ப இடப்பக்கத்திலை இருக்கிறது?"

"கிளச்."

"அது என்னத்துக்கு?"

பெண்சாதி சந்தேகம் கேட்டால் எந்த மனிசன் வாயை மூடிக்கொண்டிருப்பான்? கிளச்சைச் சொன்னேன். கியரைச் சொன்னேன். பள்ளத்தில் இறங்கும்போது எந்தக் கியர், மணலில் எந்தக் கியர் என்றெல்லாம் பிரசங்கம் பண்ணினேன்.

பிறேக் மட்டும் போதாது என்று றேடியேற்றரிலும் கை வைத்தேன். அதில் ஏற்கெனவே சின்ன ஒழுக்கு இருந்தது. ஒழுக்கை அடைக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு பனங்கிழங்கு இடித்த ஒடியல் மாவை அள்ளிப் போட்டேன். எஞ்சின் சூடேற, மூடியைத் தள்ளிக்கொண்டு கொழகொழவென்று வந்தது.

ஞானம் குனிந்து மணந்து பார்த்தாள். "கூலிங் வேலை எண்டீங்கள். கூழ் காய்ச்சியிருக்கிறீங்கள். பயித்தங்காயும் பலாக்கொட்டையும் போட்டிருந்தால் அயலுக்கும் குடுத்திருக்கலாம்."

பிறகு கோபப்படாமல் பழப்புளியைக் கரைத்து ஊற்றி, ஓடவிட்டு, கழுவிக் கழுவி ஊற்றினாள். கூழோடு சேர்ந்து பழைய துருவும் கழன்று வந்தது. ஒழுகிய இடத்தை ஈயம் வைத்து ஒட்டுவித்தாள். நான் கெடுக்கக் கெடுக்க ஜீப் திருந்திக்கொண்டு வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆள் வந்து சொன்னது: குணத்துக்குக் கால் வீங்கித் தலை சுற்றுகிறதாம், இன்றைக்கே ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகட்டாம்.

"பிறேக்..." என்று தொடங்கினேன்.

"பிறேக் சரி."

"காத்து..."

"காத்து இல்லை. விடிய நீங்கள் திருகை இளக்கிப்போட்டுப் போவீங்கள். பிறகு மார்க்கண்டு அண்ணை வந்து இறுக்கிக் காத்தெடுத்துத் தருவார். ரெண்டு பேரும் தோட்டத்து ஒழுங்கையிலை ஜீப்பை ஓடிப் பழகுவம். நீங்கள் வர முதல் நான் திருப்பி இளக்கி வைக்கிறனான்."

"அது ஏன்?"

"உங்களுக்கு மனம் நோகக்கூடாதெண்டு."

பக்கத்து வீட்டு மார்க்கண்டு அண்ணை முந்தி லொறி ஓடியவர். வேலிக்கு அங்கால் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குப் பயம், ஞானம்," என்றேன். அது தானாக வாயில் வந்துவிட்டது.

"தெரியும். எனக்கும் பயம்தான். அவளுக்கு எங்களை விட்டால் ஆர் இருக்கினம்? ஏறுங்கோ."

ஏறினேன். ஜீப்பை ஸ்ராட் பண்ணுகிற திறப்பு அவளிடம் இருந்தது.

மணலில் ஜீப் புதையவில்லை, கொதிக்கவில்லை. திரும்பி வரும்போது குணத்தின் தலை என் மடியில் இருந்தது. ஹெலிச் சத்தம் கேட்டது. ஞானம் ஒரு பூவரச மரத்தின் கீழ் பிறேக்கை மிதித்தாள். ஜீப் நினைத்த இடத்தில் நின்றது. குணம் என் கையை நெரித்துப் பிடித்திருந்தாள். சத்தம் தூரப் போகும்வரை நான் இணுவில் கந்தனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்தத் திருகை இளக்கிய விரல்களைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது.

பொழுதுபட ஆசுப்பத்திரியில் பெண்பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம் என்று நேர்ஸ் வந்து சொன்னபோது நான் அழுதுவிட்டேன். நேர்ஸ் போகாமல் நின்றாள்.

"வாசலிலை நிக்கிற ஜீப்பை எடுக்க வேணும். ஆர் றைவர்?"

பழக்கதோஷத்தில் நான் எழும்பினேன். அதற்குள் ஞானம் திறப்போடு நடந்துவிட்டாள்.

நேர்ஸ் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப உவர் ஆர்?"

ஞானம் திரும்பிப் பார்த்தாள். "உவரோ மிஸ்ஸி? உவர்தான் பிறேக்."