டர்போவுக்கு இரண்டு நிமிடம்

அநீதிக்கு ஆளானவர் என் தகப்பனார் திரு. யக்ஞநாராயணன், தாம்பரம் கால்நடைத் தீவனப் புள்ளிவிவர அலுவலகத்தின் தலைமை எழுத்தர். அநீதி இதுதான்: பத்து மணிக்கு முன்பே அலுவலக வேப்பமரத்தடியில் வந்து உட்கார்ந்திருந்தவரை, அவர் இன்னும் வந்து சேரவில்லை என்று மூன்று முறை அலுவலகம் தீர்மானித்தது. மூன்று தாமதக் குறிக்கு ஒரு நாள் தற்செயல் விடுப்பு போகும். அவர் கையில் மிச்சமிருந்தது ஒரே ஒரு நாள். என் பட்டமளிப்பு விழாவுக்காகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தது.

எல்லாவற்றுக்கும் மூலம் டர்போ. 1999-இல், இருபது வருட ஸ்கூட்டரை விற்றுவிட்டு, அப்பா செகண்ட் ஹேண்டில் ஒரு டர்போ டீசல் கார் வாங்கினார். முடிச்சூரில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் ஏசுபாதம் வண்டியைச் சுற்றி வந்து எச்சரித்தார்.

"சார், இது சாதா இன்ஜின் இல்ல. உள்ள டர்போன்னு ஒரு சக்கரம் நெருப்பா காஞ்சிகினு சுத்துது. வந்து நின்னதும் டக்குனு சாவியத் திருப்பிட்டீங்கன்னா ஆயில் நின்னுபூடும், உள்ளயே கருகிபூடும். ரெண்டு நிமிஷம் சும்மா ஓடவுட்டு அப்பால ஆஃப் பண்ணுங்க. ஆயிலயும் கரெக்டா மாத்துங்க."

"தினமுமா?"

"தெனமும் சோறு துன்றீங்கல்ல சார்?"

அப்பா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். காலண்டரில் அமாவாசைக்குப் பக்கத்தில் ஆயில் மாற்றும் தேதி ஏறியது. எங்கே போய் நின்றாலும் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இரண்டு நிமிடம் வண்டிக்குள்ளேயே இருப்பார். "எனக்கு டைபாய்டு வந்தப்போ இவர் இவ்வளவு நேரம் பக்கத்துல உட்காரல," என்றாள் அம்மா.

முன்னாலேயே கிளம்பலாமே என்று கேட்பவர்கள் எங்கள் பக்கத்து ரயில்வே கேட்டைப் பார்க்காதவர்கள். எத்தனை மணிக்குக் கிளம்பினாலும், கேட் திறக்கும் நேரம்தான் நாம் போய்ச் சேரும் நேரம். என் பட்டமளிப்புக்கு முந்தின மாதம் மூன்று நாள் அப்பா வேப்பமரத்தடிக்குப் போனது 9.59-க்கு. வருகைப் பதிவேடு கண்காணிப்பாளர் அறைக்குள் போவது பத்துக்கு.

நான் நேரில் போனேன். கண்காணிப்பாளர் ஸ்ரீரங்கன் என்னை உட்காரச் சொன்னார்.

"வண்டி வந்தது வாஸ்தவம்மா. உங்கப்பா வரலையே."

"அவர் வண்டிக்குள்ளதானே சார் இருந்தார்?"

"இன்ஜின் ஓடிண்டிருந்ததா?"

"ஓடிண்டிருந்தது."

"அப்போ பயணம் முடியல. பயணத்துல இருக்கறவர் ஆபீஸ்ல எப்படி இருக்க முடியும்? நீ என்ன படிச்சே?"

"எம்.ஏ. தத்துவம்."

"அப்போ உனக்கே புரியணும்."

"சரி சார். பயணம் முடியலைன்னா அவர் எங்கே இருந்தார்?"

"வேப்பமரத்தடியில."

"வேப்பமரம் எங்கே இருக்கு?"

"ஆபீஸ்ல," என்றவர் சற்று யோசித்து, "இதெல்லாம் எழுத்துமூலமா கேளு," என்றார்.

கேட்டேன். தாமதக் குறிகளை நீக்கி விடுப்பைத் திருப்பித் தரவேண்டும் என்று நான்கு பக்கத்துக்கு மனு எழுதி, அப்பாவிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். பதில் வருவதற்குள் விழா வந்துவிட்டது. மேடையில் பட்டம் வாங்கியபோது அம்மா மட்டும் கைதட்டினாள். அன்று மாலை அப்பாவிடம் கேட்டேன், "அந்த மூணாவது நாள் மட்டுமாவது உடனே ஆஃப் பண்ணியிருக்கக் கூடாதா?"

"பட்டம்னா நேர்ல போகலைன்னாலும் தபால்ல வரும். டர்போ வருமா?" என்றார் அப்பா.

மனுவின்மேல் ஐந்து பேர் கொண்ட ஆய்வுக் குழு அமைக்கப்பட்டது. குழு தினமும் காலை வேப்பமரத்தடியில் நின்று, டர்போ இளைப்பாறுவதைக் கூர்ந்து கவனித்துக் குறிப்பெடுத்தது. கவனித்துவிட்டு உள்ளே போவதற்குள் பத்து தாண்டிவிடும். குழுவுக்கும் தாமதக் குறி விழுந்தது. கடமையைச் செய்ததற்கான சான்றாக அதையும் அறிக்கையில் இணைத்தார்கள்.

பெரிய மனிதர்கள் ஒரு காரைச் சுற்றித் தினமும் மௌனமாக நிற்பதைப் பார்த்த மற்றவர்களுக்கு, அது ஏதோ மேல்தட்டு வழக்கம் என்று பட்டுவிட்டது. கணக்குப் பிரிவு தேவானந்தம் தன் மொபெட்டை ஸ்டாண்ட் போட்டு இரண்டு நிமிடம் உறுமவிட்டார்.

"மொபெட்ல டர்போ ஏது சார்?" என்று அப்பா கேட்டார்.

"உங்க வண்டிக்கு மட்டும்தான் உடம்பா?" என்றார் அவர்.

மறுவாரம் ஏழு ஸ்கூட்டர்கள் சேர்ந்தன. சைக்கிளில் வருபவர்கள் பெல்லில் கை வைத்தபடி நின்றார்கள். டைப்பிஸ்ட் பட்டு, ரயில்வே ஸ்டேஷனிலிருந்து ஓட்டமும் நடையுமாக வருபவள். அவளும் புகைக்கு நடுவே மூக்கைப் பொத்திக்கொண்டு மரத்தடியில் நின்றாள். "நானும் ஓடித்தானே வரேன். எனக்குள்ள ஒண்ணும் கருகாதா?" பத்து மணிக்குப் பதிவேட்டில் கண்காணிப்பாளர் கையெழுத்து மட்டும் தனியாக இருந்தது.

நான்காம் மாதம் பதில் வந்தது:

"பார்வையில் கண்ட தங்கள் மனு கனிவுடன் பரிசீலிக்கப்பட்டது. பட்டமளிப்பு விழா நடந்து முடிந்துவிட்டதாகத் தெரியவருவதால், விடுப்புக்கான தேவை எழவில்லை. எனினும், வந்து சேர்ந்தபின் இரண்டு நிமிடம் நிற்பது இன்றியமையாதது என்ற மனுதாரரின் வாதத்தை ஆய்வுக் குழு முழுமையாக ஏற்றுக்கொண்டுள்ளது. ஆகவே சமத்துவம் கருதி, ஊர்தி இல்லாதவர்கள் உள்ளிட்ட பணியாளர் அனைவரும் தினமும் காலை 10.00 முதல் 10.02 வரை வேப்பமரத்தடியில் நிற்க வேண்டும் என ஆணையிடப்படுகிறது. நிற்கத் தவறுவோர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும். நின்றவர்களுக்கு, வழக்கம்போல், தாமதக் குறி இடப்படும்."