மாடியிலிருந்து விழுந்த நீலச் சொட்டு

முதல் சொட்டு பஞ்சாட்சரத்தின் உச்சந்தலையில் விழுந்தது. அடுத்தது வெள்ளை ஜிப்பாவில். அதுவும் நீலச் சொட்டு! சாய்வு நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

“இன்னிக்கு அந்த பாயை மாடியை வுட்டு எறக்காம சோத்துல கை வைக்க மாட்டேன்!”

மாடிக் குடித்தனக்காரர் அப்துல் கஃபார் சாயப் பட்டறைக்காரர். நீலம் வேறு எங்கிருந்து வரும்? தளத்து விரிசலில் சுண்ணாம்பு அப்பியாயிற்று, தார் பூசியாயிற்று. ஒழுக்கு நின்றபாடில்லை.

மயிலாப்பூரிலேயே வெள்ளை வேட்டிக்குப் பேர் போனவர் பஞ்சாட்சரம். யுத்த காலத்திலும் வேட்டிக்கு நீலம் தப்பாது. புகை படாத இடத்தில் காய வேண்டும், பிழியும்போது முறுக்கக் கூடாது, நூல் விட்டுவிடும் என்று வீட்டில் சட்டமே போட்டிருந்தார்.

மனைவி தேவானை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “இன்னாத்துக்குய்யா கத்திக்கினு கீறே?”

“ஜிப்பாவைப் பாரு! குந்தின எடத்துல எனக்கே சாயம் போடுறான்!”

“கத்துனா ஒழுக்கு நிக்குமா? ஞாயமா ஒரு தீர்ப்பு சொல்லு. யார் வூட்டுத் துணித் தண்ணி ஒழுகுதோ, அந்த வூட்டு ஆம்பளைதான் இனிமே கிணத்தடியில குந்தி வூட்டுத் துணியெல்லாம் தொவைக்கணும்னு.”

அத்தனை கோபத்திலும் பஞ்சாட்சரத்துக்கு வாயெல்லாம் பல். இவளுக்கு இவ்வளவு மூளையா?

முற்றத்தில் நின்று தீர்ப்பை முழங்கினார். கஃபார் நிதானமாகப் படியிறங்கி வந்தார்.

“சரிண்ணே. சத்தியம் பண்ணட்டுமா?”

“பண்ணு! நானும் பண்றேன்!”

கையில் அடித்துச் சத்தியம் ஆயிற்று. உடனே பஞ்சாட்சரம் தடதடவென்று மாடியேறினார்.

கொடியில் ஒரே துணி. எட்டு முழ வேட்டி. பிழியாமல் தொங்கி, தரையெல்லாம் நீலமாக ஊற்றிக்கொண்டிருந்தது. ஓரத்தில் அவரே ஊசியால் தைத்த ‘ப’.

கஃபாரின் மனைவி ஹாஜிரா பீ முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். “உங்களுதுதான் அண்ணே. பொகை படக் கூடாதுன்னு தேவானைதான் இங்க போடுது. எங்க துணியை இவரு பட்டறையிலயே தொவைச்சிடுவாரு.”

பஞ்சாட்சரம் உறுமிக்கொண்டே இறங்கினார். கிணற்றடியில் அதற்குள் ஒரு மலை எழும்பியிருந்தது. வேட்டி, புடவை, பாவாடை, ஜமக்காளம், தலையணை உறை.

“தெரிஞ்சேதானே என் வாயைக் கிளறினே? வேட்டி என்னுது, சரி. இதெல்லாம் இன்னாடி?”

“வூட்டுத் துணியெல்லாம்னு ஊருக்கே கேக்குற மாதிரி கத்தினது யாரு? சத்தியம் வேற பண்ணிக்கீறே!”

மாடிப்படியில் கஃபார் இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார். பஞ்சாட்சரம் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு புடவையை நனைத்தார், அடித்தார், இருக்கிற ஆத்திரத்தையெல்லாம் சேர்த்துத் திருகினார்.

அவருடைய சாய்வு நாற்காலியில் தேவானை காலை நீட்டிக்கொண்டாள்.

“முறுக்காதய்யா. நூல் வுட்டுடும்.”