நாற்பத்திரண்டாவது பிரேம்

ஒரு பிரேமைச் சாய்த்து வைப்பதில் அவரை மிஞ்ச இந்தியாவிலேயே ஆள் கிடையாது. எந்தக் கோயில் வாசலிலும் சூடம் ஏற்றிச் சத்தியம் செய்யத் தயார். மற்ற ஊர்களில் படத்தை நேராக மாட்டத்தான் ஆள் தேடுவார்கள். அருப்புக்கோட்டையில் எங்கள் கடையில் மட்டும் சாய்ப்பதற்கென்றே ஒருவர் சம்பளத்துக்கு இருந்தார்.

பஜாருக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் பாய் நடத்திய கடை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பிளெக்ஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பள்ளிக்கூட ஆண்டு மலர் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ். சென்னையில் பத்திரிகை வேலை போய் ஊருக்குத் திரும்பிய நான் அங்கே மூன்றரை வருடம் எழுத்துப்பிழை திருத்தினேன். பிரேம் சாய்க்கும் அவர் கம்ப்யூட்டரில் பக்கம் அமைத்தார். ஊர் அவருக்கு வைத்த பெயர் ஏழு டிகிரி. நான் 'அண்ணே' என்று கூப்பிடுவேன்.

சிவகாசியில் ஏதோ அச்சகத்திலிருந்து வந்தவர். மற்ற கடைக்காரர்கள் படம் வெட்டி ஒட்டுகிற சாஃப்ட்வேரில் பிளெக்ஸ் போட, இவர் மட்டும் புத்தகம் அமைக்கிற சாஃப்ட்வேரில்தான் போடுவார். அதில் முதலில் ஒரு பிரேம் வரைய வேண்டும். பிறகு அதற்குள் படத்தை இறக்க வேண்டும். இவர் பிரேமை ஏழு டிகிரி சாய்ப்பார். ஆறும் இல்லை, எட்டும் இல்லை.

"ஆறுல சாச்சா கை தவறிப்போச்சும்பான். எட்டுல சாச்சா ஆணி கழண்டுருச்சும்பான். ஏழுலதான் தம்பி, வேணும்னே செஞ்சதுனு தெரியும்" என்பார்.

பிரேம் சாய்ந்தால் உள்ளே இருக்கிற ஆளும் கூடவே சாய்வார் அல்லவா? அங்கேதான் அண்ணனின் வித்தை. பிரேமை விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் படத்தை மட்டும் பிடித்து ஏழு டிகிரி எதிர்ப்பக்கம் திருப்புவார். வெளியே பிரேம் துள்ளிக்கொண்டு நிற்கும். உள்ளே கல்யாண வீட்டு மாமா நட்ட கம்பாக நிமிர்ந்து நிற்பார். "பிரேம் எப்படியும் ஆடட்டும், ஆளு ஆடக் கூடாது" என்பது அவர் கொள்கை.

ஆள் நிமிர்ந்திருக்கிறாரா என்று பார்க்கத் தன் கண்ணை நம்ப மாட்டார். கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு ஒன்றை மானிட்டருக்கு மேலிருந்து தொங்கவிட்டிருந்தார். அந்த நூல் நெற்றி நடுவில் தொடங்கி மூக்கு நுனி வழியாக முகவாயில் இறங்க வேண்டும். காற்றில் நூல் ஆடிவிடும் என்று சித்திரை மாதத்திலும் மின்விசிறியை நிறுத்திவிடுவார். எங்கள் ஊர்ச் சித்திரை எப்படி இருக்கும் என்று வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். நாங்கள் வெந்தோம், மாமாக்கள் நேராக நின்றார்கள்.

பந்தல்குடியில் லாரிக்கு லோடு ஏற்றும் ஒருவர் வீடு கட்டிப் பால் காய்ச்சினார். இருபது வருடம் மூட்டை சுமந்ததில் அவருக்குக் கழுத்து ஒரு பக்கமாகத்தான் நிற்கும். அந்த விசேஷத்து பிளெக்ஸில் அண்ணன் தூக்குக்குண்டைப் பிடித்து அவரை நிமிர்த்திவிட்டார். மறுநாள் அவருடைய தாயார் கடை வாசலில் வந்து நின்று சத்தம் போட்டார்.

"எம்மவன் எங்கய்யா?"

"இந்தா, நடுவுல நிக்கிறாரேம்மா" என்றார் அண்ணன்.

"இது யாரோ ஆபீசரு. எம்மவன் கழுத்து எங்க? அதைப் பழையபடி வையி!"

கூட வந்திருந்த மருமகள் மட்டும் மாமியார் முதுகுக்குப் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னார்: "இருக்கட்டும்ணே. இப்படியே இருக்கட்டும்."

அண்ணன் ஒரே ஒரு நாள் லீவு போட்டார். அன்றைக்கென்று ஒரு கட்சிக்காரர் வந்து, தலைவர் படம் சாயவே கூடாது, எல்லாம் நேராக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். பாய் தானே உட்கார்ந்தார். அண்ணன் போட்டுவைத்திருந்த பழைய பக்கத்தைத் திறந்து, தலைவர் படத்தை உள்ளே இறக்கி, பிரேமின் சாய்வைப் பூஜ்யமாக்கினார். பிரேம் நேராகிவிட்டது. ஆனால் உள்ளே ஏற்கெனவே திருப்பி வைத்திருந்த ஏழு டிகிரி அப்படியே இருந்தது. தலைவர் மறுபக்கமாகச் சாய்ந்துவிட்டார். பாய் மூக்குக்கண்ணாடி போடாமல் அதைப் பிரிண்டுக்கு அனுப்பினார். ஊர் முழுக்க ஒட்டியாகிவிட்டது. கூட்டம் எதற்குத் தெரியுமா? மதுவிலக்குக்கு.

"யா அல்லாஹ், நான் பிரேமைத்தானய்யா தொட்டேன்!" என்று மறுநாள் பாய் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பிரேமைத் தொடும்போது உள்ள இருக்கவரையும் ஒரு வார்த்தை கேக்கணும் பாய்" என்றார் அண்ணன்.

அந்த லீவில் என்ன செய்தார் என்று நான் கேட்டேன்.

"ரூம்ல படுத்திருந்தேன்."

"அப்புறம்?"

"எந்திரிச்சேன்."

அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜில் மாதவாடகை அறை. தீபாவளிக்கும் கடைக்கு வருவார், ரம்ஜானுக்கும் வருவார், கடைச் சாவி ஒன்று அவரிடமே இருந்தது. பாய் வீட்டுப் பிரியாணியைக் கம்ப்யூட்டர் முன்னாலேயே சாப்பிடுவார். "வீட்டுல எல்லாரும் எங்கண்ணே?" என்று யாராவது கேட்டால், "இருங்க, ஃபைலு தொறந்துக்கிட்டிருக்கு" என்பார். அந்த ஃபைல் மூன்றரை வருடமாகத் திறந்துகொண்டே இருந்தது. எனக்கும் தோண்டிக் கேட்க மனசு வரவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்துக் கல்யாண பிளெக்ஸ் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மேலே பெண்ணும் மாப்பிள்ளையும். கீழே 'அன்புடன் வரவேற்கும்' என்று போட்டு, இரண்டு வீட்டுச் சித்தப்பா, பெரியப்பா, மாமா, மச்சான் தலைகள் வரிசை வரிசையாக. அண்ணன் கணக்கில் ஏழு ஏழாக ஆறு வரிசை, நாற்பத்திரண்டு பிரேம். ஒருநாள் அப்படி ஒரு பிளெக்ஸில் பெயர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பத்தோரு தலை நட்ட கம்பாக நிற்க, கடைசித் தலை ஒன்று மட்டும் பக்கத்து ஆள் மேல் சாய்ந்திருந்தது. கீழே பெயரும் இல்லை. ஏழு டிகிரி கையிலிருந்து இப்படி ஒரு பிழையா என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். வழுக்கை, கனத்த மூக்கு, பாதி மூடிய கண். அது அண்ணனேதான்.

பழைய ஃபைல்களைத் திறந்தேன். காதுகுத்தில் இருந்தார். சடங்கில் இருந்தார். திருச்சுழி வட்டாரத்தில் அவர் இல்லாத கல்யாணமே இல்லை. எல்லாவற்றிலும் கடைசி பிரேம், எல்லாவற்றிலும் சாய்வு.

"அண்ணே, என்னண்ணே இது?" என்றேன்.

அவர் முகம் வெளிறிவிட்டது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"மொத தடவை கைமறதி தம்பி. நாப்பத்தோரு போட்டோதான் வந்துச்சு. காலி பிரேம் பல்லு விழுந்த மாதிரி இருக்கும்ல? அதுக்கு ஒரு ரோசாப்பூ வைக்க இருந்தேன். அதுவரைக்கும் எடம் பிடிக்க எம் படத்தைப் போட்டுவச்சேன். மாத்த மறந்துட்டேன். பெறகு ஒரு நாளு பஸ்ஸுல போறேன், திருச்சுழி ரோட்டுல பேனரு நிக்கிது. பொசுக்குனு எறங்கிட்டேன். ஒரு மணி நேரம் நின்னு பாத்தேன். போறவன் வாரவன் எல்லாம் பாக்குறான். ஒருத்தனும் இவன் யாருனு கேக்கல."

"எப்படிண்ணே கேக்காம இருப்பாக?"

"மாப்பிள வீட்டுக்காரவுக என்னையப் பொண்ணு வீட்டு ஆளும்பாக. பொண்ணு வீட்டுக்காரவுக மாப்பிள வீட்டு ஆளும்பாக. நான் பாட்டுக்கு நிப்பேன்."

"சரி, ஊரையே நிமித்துறீங்க. நீங்க மட்டும் ஏன் சாஞ்சு நிக்கிறீங்க?"

அவர் தூக்குக்குண்டின் நூலை விரலில் சுற்றிக்கொண்டே பேசினார். "நேரா நின்னு பாத்தேன் தம்பி. தனியா நிக்கிற மாதிரியே இருக்கு. கொஞ்சம் சாஞ்சாத்தான் பக்கத்துல இருக்கவுகளோட சேந்த மாதிரி இருக்கு."

பிழை திருத்துபவன் நான், அந்தப் பிழையைத் திருத்தவில்லை. பாயிடமும் சொல்லவில்லை.

வினை பரளச்சிக் கல்யாணத்தில் வந்தது. அதில் அண்ணனுக்குப் பக்கத்து பிரேம் பெண்ணின் தாய்மாமனுடையது. தாய்மாமன் என்றால் கல்யாணத்தில் பாதி அவர்தான். மண்டப வாசலில் பிளெக்ஸைப் பார்த்த அந்த மனிதர் மாலையும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார்.

"என் தோள்ல சாஞ்சு நிக்கிறவன் யாரு? சொன்னாத்தான் உள்ள வருவேன்."

பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாரைக் கேட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார், "ஒங்க ஆளை எங்ககிட்டக் கேட்டா?" என்றார்கள். பெண்ணுக்கு ஏற்கெனவே பேசி முறிந்த இடத்து ஆளோ என்று இந்தப் பக்கம் ஒருவர் சந்தேகப்பட, மாப்பிள்ளைக்கு மறைத்துவைத்த மாமனாரோ என்று அந்தப் பக்கம் ஒருவர் கொளுத்திப்போட்டார். முகூர்த்தம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது பெண் அழுததில்தான் தாய்மாமன் உள்ளே வந்தாராம். மறுநாள் காலை இரண்டு வீடும் ஒரே வேனில் கடைக்கு வந்து இறங்கியது.

தாய்மாமன் செல்போனில் இருந்த படத்தைப் பாயின் முகத்துக்கு நேராக நீட்டினார். "இந்த ஆளு யாருனு எங்களுக்குத் தெரிஞ்சாகணும்!"

பாய் கண்ணாடியைத் தேடினார். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து அண்ணன் வெளியே வந்து கேட்டார்: "நிறையப் பேரு வந்திருக்காக போல. டீ சொல்லவா பாய்?"

செல்போனையும் அவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

"அடப்பாவி, இவுகதான்!" என்றார் பெண்ணின் தாயார்.

அண்ணன் மறைக்கவில்லை. "நான்தாம்மா. யாரும் சொல்லல, நானாத்தான் போட்டேன். எனக்குப் போட வேற எடம் இல்ல" என்றார். வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேலை போனால் போகிற இடம் அந்த லாட்ஜ் அறைதான் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

தாய்மாமன் கையை ஓங்கியவர் எங்கே இறக்குவது என்று தெரியாமல் நின்றார். பெண்ணின் தாயார்தான் கேட்டார்:

"கல்யாணத்துக்கு வந்தீகளா?"

"ரோட்டுல நின்னு பேனரைப் பாத்துட்டு வந்துட்டேம்மா."

"சாப்பிடலையா?"

"கூப்பிடாத எடத்துல எப்படிம்மா சாப்பிடுறது?"

திட்ட வந்தவர்கள் திட்டாமல், சொன்ன டீயையும் குடிக்காமல் வேனில் ஏறிப் போய்விட்டார்கள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்குத் தேவலை என்று இருந்திருக்கும். பாய் அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை. "இனிமே வேணாம்யா" என்று மட்டும் சொன்னார். அண்ணன் அன்று சாயங்காலம் வரை உட்கார்ந்து எல்லா ஃபைலிலிருந்தும் தன்னை எடுத்தார். அதன்பிறகு காலி பிரேம் வந்தால் ரோஜாப்பூதான். பேச்சும் குறைந்துபோனது. மின்விசிறி தாராளமாகச் சுற்றியது, எனக்கு அது பிடிக்கவே இல்லை.

நாலு மாதம் கழித்து என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பிளெக்ஸுக்கான போட்டோக்களைக் கொடுத்துவிட்டு, "முதல் வரிசையில எனக்குப் பக்கத்துல ஒங்க படம் வேணும்ணே" என்றேன்.

"சம்பந்தி வீட்டுல யாருனு கேட்டா?"

"எங்க அண்ணன்னு சொல்லுவேன்."

"நான் போட மாட்டேன் தம்பி. நீங்களே போடுங்க."

எனக்கு அந்த சாஃப்ட்வேரில் எழுத்தைத் திருத்தத்தான் தெரியும். முதல் தடவை அவர் தலைகீழாக வந்தார். இரண்டாம் தடவை காது மட்டும் வந்தது. "உள்ள இருக்கதைப் பிடிங்க, பிரேமைப் பிடிக்காதீக!" என்று பின்னால் நின்று பதறினார். ஒருவழியாக ஆள் உள்ளே வந்து சேர்ந்தார்.

"கீழ என்ன பேருண்ணே அடிக்கட்டும்?"

"பேரு கெடக்கு தம்பி. பெரியப்பானு மட்டும் போடுங்க. அது போதும்."

கல்யாணம் முடிந்து, அந்த வருடம் ஐப்பசியில், கண்ணில் புரை விழுந்திருக்கிறது, மதுரையில் காட்டிவிட்டு வாரேன் என்று போனவர் திரும்பவில்லை. அவர் எண்ணுக்குப் போட்டால் வேறு யாரோ எடுக்கிறார்கள். பாயும் நானும் இரண்டு முறை மதுரைக்குப் போய் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தேடினோம். லாட்ஜ்காரர் அறையை வேறு ஆளுக்கு விட்டுவிட்டார். எனக்கு ஆற்றமாட்டாத வருத்தம். அதில் கொண்டுபோய் இதை முடிக்க மனசில்லை. கல்யாணத்தன்று நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

அன்று விடிவதற்கு முன்பே அண்ணன் புது வேட்டி கட்டிக்கொண்டு வந்து, மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றுவிட்டார். வந்தவர்களை எல்லாம் "வாங்க, வாங்க, சாப்பிட்டுத்தான் போகணும்" என்று கையைப் பிடித்துக் கூப்பிட்டார். சம்பந்தி அவரையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"பேனர்ல பெரியப்பானு போட்டிருக்கே, அவுக ஒங்க கூடப் பொறந்தவுகளா?"

"ஆமா."

"நான் பாத்ததுமே வீட்டுல சொல்லிட்டேன். மூக்கு அப்படியே ஒங்க மூக்கு!"

அண்ணன் காதில் அது விழுந்துவிட்டது. சந்தனக் கிண்ணத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்க அப்பா மூக்கு சம்பந்தி" என்றேன். "எனக்குக் கொஞ்சந்தான். அண்ணனுக்குத்தான் முழுசா வந்திருக்கு."