அலாஸ்காவில் எழுந்தருளிய கருடன்

உத்திரமேரூர்

அன்புள்ள மச்சான் வேதகிரிக்கு, பாண்டியன் வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் சுகமாக ஊர் வந்து சேர்ந்தோம். மாகறலில் வீட்டாரும் மாடு கன்றும் கிணற்று மோட்டாரும் நலந்தானே?

புறப்படும்போது, "எங்க தேவயானிக்கு மெய்யாலுமே திமிங்கலம் காட்டுவாங்களா மச்சான்?" என்று கேட்டீர்கள். அதற்குத்தான் இந்தப் பதில். போனில் சொன்னால் உங்கள் தங்கை பிடுங்கிக்கொண்டு தன் கதையைச் சொல்லிவிடுவாள்.

எங்கள் மகள் பிரபா ஏற்றிவிட்ட அந்த அலாஸ்காக் கப்பலைப் பெரிதாக நினைக்காதீர்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு வரிசை வகுப்பறையைப் பெயர்த்துத் தண்ணீரில் விட்டால் எப்படியோ, அப்படி. விடியுமுன் எழுப்பி, ரப்பர் கால்சட்டை, லைஃப் ஜாக்கெட் எல்லாம் மாட்டி, காற்றடைத்த படகில் இறக்குவார்கள். போய்ப் பார்ப்பது தூரத்தில் ஒரு கரும்புள்ளி. கரடியாம். கொஞ்சநேரம் கழித்து, இல்லை, பாறையாம். அதற்கும் கைதட்டினார்கள் மச்சான். நம் ஏரியில் நாரை நிற்பதை பஸ் ஜன்னலில் தூங்கிக்கொண்டே பார்க்கிறோம், யாராவது கைதட்டுகிறோமா?

வழிகாட்டி ஜெனிஃபர் என்ற பெண், ஒன்றாம் வகுப்பு டீச்சர் மாதிரி எதையும் மூன்று தடவை சொல்லும். படகில் எழுந்து நிற்கக்கூடாது என்பதையும் அப்படியே சொன்னது. நான் தமிழில் சொன்னேன், தேவயானியும் தலையாட்டினாள். அப்போது பார்த்து வெள்ளைத் தலைக் கழுகு ஒன்று மேலே வட்டமிட்டது. காஞ்சிபுரத்துக் கருட சேவைக்கு விடியற்காலையே போய் நிற்பவள் சும்மா இருப்பாளா? எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் கையைப் பிடித்து இழுத்தால், "கருடன் தலைக்குமேல சுத்திக்கினு கீது, குந்திக்கினு இருக்கச் சொல்றீங்களே, நல்லா இருப்போமா?" என்கிறாள். எதிரே இருந்த கனடாத் தம்பதி, கழுகுக்கு இதுதான் மரியாதை போலும் என்று தாங்களும் எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். படகு ஆடிய ஆட்டத்தில் என் குல்லாய் கடலோடு போயிற்று.

உங்கள் தங்கைக்கு இனிப் படகு கிடையாது என்று தீர்ப்பாயிற்று. மறுநாள்தான் திமிங்கலம் பார்க்கும் நாள். வருஷம் முழுக்க ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள் தன் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். வந்து சொல்லவாவது ஆகட்டும் என்று நான் மட்டும் போனேன். குல்லாய் இல்லாத தலையோடு மழையில் பகல் முழுக்க உட்கார்ந்து நான் கண்ட ஒரே வனவிலங்கு, முன்னால் இருந்தவரின் முதுகு. திரும்பினால், சாப்பாட்டு அறை ஜன்னலோரம் அம்மையார் டீ குடித்துக்கொண்டிருக்கிறாள்.

"வந்துச்சு. குட்டியோட வந்து மூச்சு வுட்டுச்சு. கண்ணாடியெல்லாம் தண்ணி" என்றாள். பிறகு மெதுவாக, "கருடனைக் குந்திக்கினு பாத்தவங்களுக்கு எங்கேந்து வரும்?"

ஆகவே மச்சான், யார் அழைத்தாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள். வெறும் குளிர், வெறும் ரப்பர். வீட்டில் எல்லாருக்கும் என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
பாண்டியன்

பி.கு.: அடுத்த வருஷமும் அதே கப்பலுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். திமிங்கலத்தைப் பார்க்காதவனால் இந்த வீட்டில் குடியிருக்க முடியவில்லை. நீங்களும் வருவதானால் இப்போதே பழகுங்கள்: ஏரிக்கரையில் போகும்போது மேலே கருடன் வட்டமிட்டால், வண்டியை நிறுத்தி இறங்கி நின்று கும்பிடுங்கள்.