பூட்டு சாரின் நாலு வார்த்தை

சாவிக் காவலர்கள் என்றொரு இனம் இருக்கிறது. அந்த இனத்தில் ஐந்நூறு பேரையாவது நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். ஐந்நூறு என்பது வாய்க்கு வந்த கணக்கு என்று நீங்கள் சொல்லுமுன் நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். ஆனாலும் பார்த்தது பார்த்ததுதான்.

வாசலில் சாவிக்கொத்தோடு நிற்கும் காவலாளியைச் சொல்லவில்லை. அவர் நல்ல மனிதர், கேட்டால் கதவைத் திறந்துவிடுவார். நான் சொல்வது கணினிக்குள் இருக்கும் சாவியைக் காப்பவர்களை. சி மொழியில் ப்ரோக்ராம் எழுதுகிறவர்களை. அவர்களுடைய சாவி இரும்பில் செய்ததல்ல, பெரிய பெரிய எண்களால் ஆனது. அந்த எண்களை எழுத்துகளாக மாற்றி ஒரு கோப்பில் போட்டு வைப்பார்கள். கோப்பைத் திறந்தால் முதல் வரியில் ஐந்து கோடு, ‘அந்தரங்கச் சாவி இங்கே ஆரம்பம்’ என்று ஓர் அறிவிப்பு, மறுபடி ஐந்து கோடு. நடுவில், கைக்குழந்தை தட்டச்சுப் பலகைமேல் தவழ்ந்தாற்போல அர்த்தமில்லாத எழுத்துகள். கடைசியில் ‘அந்தரங்கச் சாவி முடிந்தது’. பெயர்ப்பலகை மாட்டிய அந்தரங்கத்தை நீங்கள் வேறெங்காவது பார்த்ததுண்டா?

இந்த இனத்துக்கு உதாரணமாக ஒருவரை எடுத்துக்கொள்வோம். அலுவலகத்தில் அவருக்குப் பூட்டு சார் என்று பெயர். யாருக்கு என்ன உறவு என்பதெல்லாம் இப்போது வேண்டாம்.

பூட்டு சார் வீட்டைப் பூட்டினால் பூட்டை நாலு தரம் இழுத்துப் பார்ப்பார், தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார், உள்ளே மனைவி இருக்கிறாள் என்பது அப்போதுதான் ஞாபகம் வரும். அலுவலகத்திலும் அதே கைதான். சாவிக் கோப்பைத் திறந்தால் கோடுகளைத் திரையில் விரல் வைத்து எண்ணுவார். கடைசி வரிக்குப் பின் ஒரு வெற்று வரி விட்டிருக்கிறதா என்று பார்ப்பார். சாவி தங்கியிருந்த கணினி நினைவகத்தை ஒரு தரம் அழித்தால் போதும். அவர் மூன்று தரம் அழிப்பார், தீட்டுப்பட்ட பாத்திரத்தைக் கழுவுவதுபோல. இதில் பெரிய கூத்து பொதுச்சாவி. பெயரிலேயே இருக்கிறது, ஊருக்கெல்லாம் கொடுக்க வேண்டிய சாவி அது. அதை யாராவது கேட்டால்கூட அவர் முகம் மாறிவிடும்.

“பொதுச்சாவி உங்களுக்கு எதுக்கு?”

“பொதுவானதுன்னுதானே சார் கேக்கறேன்?”

“பொதுதான். அதுக்காக எல்லாருக்கும் குடுத்துட முடியுமா?”

உள்ளதிலேயே பெரிய சடங்கு, ரகசியத் தொடரைத் தட்டுவது. சாவிக் கோப்பையே இன்னொரு முறை பூட்டி, அதைத் திறக்கக் கடவுச்சொல் மாதிரி ஒரு தொடர் வைப்பார். அதைத் தட்டும் நேரம் வந்தால் எழுந்து நின்று, “எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க” என்பார். மேலாளர் உட்பட அத்தனை பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார்கள். பூட்டு சார் தட்டச்சுப் பலகையைக் கையால் மறைத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுவார். கண்களை மட்டும்தான் திருப்பச் சொல்வார். காதைப் பற்றி அவர் ஒன்றும் சொன்னதில்லை.

இனி, தேர்வு முடிவு வெளியான நாளுக்கு வருவோம்.

மாணவர்களின் மதிப்பெண் தாள்களை இணையத்தில் வெளியிடும் வேலை அந்த அலுவலகத்துக்கு. யாரும் திருத்திவிடாதபடி ஒவ்வொரு தாளிலும் கணினி கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துப் போட அந்தரங்கச் சாவி வேண்டும். பத்து மணிக்கு முடிவு. பூட்டு சாரின் மகளும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. போன முறை கணக்கில் கோட்டை விட்டவள், மறுபடி எழுதியிருந்தாள். இந்த முறையும் போனால், அவளுக்காக இடம் பிடித்து வைத்திருக்கும் கல்லூரி அன்று மாலையோடு அதை வேறு யாருக்காவது கொடுத்துவிடும். ஆகவே மனைவி உத்தரவு: இன்று லீவு, வீட்டில் மகள் பக்கத்தில்.

முந்தின நாள் கிளம்புமுன், சும்மா கிளம்ப மனம் வருமா? சாவிக் கோப்புக்குப் புதிதாக ஒரு ரகசியத் தொடர் போட்டுப் பூட்டினார். ப்ரோக்ராமை ஓட்டினார், தொடரைத் தட்டினார், ஓடியது. யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று திரையை அணைத்தார். அறையையும் பூட்டினார். பூட்டை நாலு தரம் இழுத்தார்.

பத்து மணி ஆயிற்று. மகளின் கைபேசியில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

“அப்பா, வரலப்பா.”

“வரும்மா. கூட்டம் இருக்கும்.”

மகள் நகத்தைக் கடித்தாள். அம்மா அடுப்பில் வைத்ததை மறந்தாள். அப்போது மேலாளரிடமிருந்து அழைப்பு வந்தது.

“சார், இன்னொரு சாவி போட்டு ரூமைத் திறந்துட்டோம். திரைய ஆன் பண்ணா, ஏதோ கேக்குது.”

“என்ன கேக்குது?”

“ரகசியத் தொடர் என்னன்னு கேக்குது. விடியக்காலைல மெஷின் தானா அணைஞ்சு தானா எழுந்திருக்கு. அப்பலேர்ந்து காலி ரூமப் பாத்துக் கேட்டுட்டே இருந்திருக்கு போல.”

பூட்டு சாருக்கு உடனே புரிந்துவிட்டது. சாவிக் கோப்பைப் படிக்க, ஏற்கெனவே யாரோ எழுதிவைத்த ப்ரோக்ராம் ஒன்று உண்டு. தொடரை யாரிடம் கேட்க வேண்டும் என்று சொல்ல அதில் ஓர் இடம் உண்டு. அந்த இடத்தைக் காலியாக விட்டால், அது பலகை முன்னால் உட்கார்ந்திருப்பவரைக் கேட்கும். யாரையும் நம்பாத பூட்டு சார் அந்த இடத்தில் யாரையும் போடாமல் விட்டிருந்தார்.

“சார், நீங்க சரின்னு சொன்னா தொடரைத் தட்டிடறோம்.”

“ஃபோன்ல தொடரைச் சொல்றதா? முடியாது. நான் நேர்ல வரேன். ஒரு மணி நேரத்துல வந்துடுவேன்.”

“சார், பெத்தவங்க எல்லாம் வாசல்ல நின்னு கத்தறாங்க!”

“கொள்கைன்னு ஒண்ணு இருக்கு சார்.”

மகள் அழுதேவிட்டாள். “ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாப்பா?”

“ஒரு வார்த்தை இல்லம்மா, நாலு வார்த்தை.” சொன்னவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். “அதையும் சொல்லியிருக்கக் கூடாது.”

“என்னங்க, பொண்ணு மூஞ்சியப் பாருங்க” என்றாள் மனைவி. “உங்க கொள்கைய வேணா காலேஜுக்கு அனுப்பிடலாமா?”

பார்த்தார். எத்தனை பூட்டுப் போட்டிருந்தாலும் தகப்பன் மனசு இல்லையா? கைபேசியோடு குளியலறைக்குள் போனார், தாழ்ப்பாள் போட்டார், குரல் வெளியே கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டார்.

“சார், உங்க பக்கத்துல யாராவது இருக்காங்களா?”

“ஆபீஸே இருக்கு.”

“எல்லாரையும் வெளிய அனுப்புங்க.”

“சார், நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். அனுமதி குடுத்தாப் போதும். உங்களைக் கேக்காமப் போட்டா மரியாதையா இருக்காதேன்னுதான் கூப்பிட்டேன்.”

“எதைப் போட்டா?”

மேலாளர் சங்கடமாகக் கனைத்துக்கொண்டார். அவருக்குப் பின்னாலிருந்து, சுவரைப் பார்த்து நின்று பழகிய அத்தனை பேரும் பள்ளிப் பிள்ளைகள்போல ஒரே குரலில் சொன்னார்கள்:

“என் நிழலையும் நம்ப மாட்டேன்!”

“தட்டும்போது நீங்க வாய்விட்டுச் சொல்வீங்க சார்” என்றார் மேலாளர், ஆறுதலாக. “நேத்தும் சொன்னீங்க.”

“போடுங்க” என்றார் பூட்டு சார். மீதியைக் குழாய் பேசிக்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் வெளியே மகள் கதவை இடித்தாள். “அப்பா! வந்துடுச்சுப்பா! கணக்குல பாஸ்!”

அவர் வெளியே வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. மகளுக்காகவா, ரகசியத்துக்காகவா என்று யாரும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் அவர் தொடரை மாற்றியிருப்பார். அந்தத் தைரியத்தில்தான் நாலு வார்த்தையையும் இங்கே முழுசாக எழுதினேன்.

பூட்டு சாரைப் பார்த்து நீங்கள் சிரித்திருப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் அடுத்த முறை உங்கள் ரகசிய எண்ணைத் தட்டும்போது, பக்கத்தில் நிற்பவர் கண்ணைக் கவனிக்காதீர்கள். உங்கள் உதட்டைக் கவனியுங்கள். இப்போதே அந்த எண்ணை மனசுக்குள் சொல்லிப் பார்த்தீர்கள், இல்லையா? அசைந்ததே!

எழுதி முடித்ததும் என் மகளிடம் படிக்கக் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே படித்தவள், கடைசிப் பக்கத்தில் சிரிப்பை நிறுத்தினாள்.

“ஐந்நூறு பேராம்மா? ஒருத்தர்தானே? அதுவும் உங்க மாப்பிள்ளை.”

“அது கதைக்காகடி.”

“அது போகட்டும். தொடரை மாத்திட்டார்னு உங்களுக்கு யார் சொன்னா?”

“மாத்தாம இருப்பாரா?”

“புதுசா ஒண்ணு வெச்சா மறந்துடுமாம். அதையேதான்மா இன்னமும் வெச்சிருக்கார்.”